படத்தில் போட்ட கால்சட்டை

எங்கள் மொந்தாரா நாட்டின் ஒரு மூலையில் காலையில் கழுதையேறிக் கிளம்பியவன், பொழுது சாய்வதற்குள் மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் கஷ்கொட்டை மரங்களும் இரண்டு பாலங்களும் ஒரு கோட்டையும் வரும். கோட்டை எங்களுடையது, உள்ளே இருந்த பட்டாளம் ஸ்பெயின் ராஜாவுடையது. இவ்வளவுதான் நாடு. ஆனால் இதை ஆண்ட கோமகன் ஃபெராந்தேயைப் பார்த்தால் பாதி உலகத்தைக் கட்டி மேய்க்கிறவர் போல இருப்பார். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர் இல்லாமல் அவர் கொல்லைப்பக்கம்கூடப் போனதில்லை.

அந்த அரண்மனையில் இருபத்தேழு வருஷம் ஊசி பிடித்தவள் ஓர்சோலா. அவள் புருஷன் நன்னி, 'போ' என்னும் ஆற்றின் படகுகளுக்குப் பாய் தைத்தவன். ஒரு வெள்ளத்தில் படகோடு போய்விட்டான். அரண்மனையில் கிழிசல் தைக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். பாய் தைத்துப் பழகிய கையோடு வந்து சேர்ந்தாள். பெரிய உடம்பு, சின்னக் கண்கள், யாருக்கும் அடங்காத வாய். பட்டுக்கு அடியில் இருக்கும் உள்சட்டையில் எத்தனை ஒட்டு என்பது தைக்கிறவளுக்குத்தானே தெரியும். ஏழு ஒட்டு உள்சட்டைக்காரர் வந்து அவளை அதட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அதை மறைக்கவும் மாட்டாள்.

கோமகனின் மனைவி பிள்ளை பெற்ற நாலாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளைக்கு அஸ்கானியோ என்று பெயர் வைத்தார்கள். பால் கொடுத்தவளை இரண்டு வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளையின் உடுப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு ஓர்சோலாவுக்கு வந்தது. உடுப்போடு சேர்ந்து பிள்ளையும் வந்தது. தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து, முகவாயைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். சந்தையில் குதிரை பார்க்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் நேரம் நிற்பான்.

ஓர்சோலா அந்தப் பிள்ளையைக் கொஞ்சியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். 'தொல்லை' என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை 'ஓர்சா' என்பான். கஷ்கொட்டை மாவில் செய்த பணியாரத்தை அவள் தட்டிலிருந்துதான் எடுப்பான், தன் வெள்ளித் தட்டில் வைத்தால் தொட மாட்டான். அவள் தைக்கும்போது கீழே உட்கார்ந்து துணித் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்குவான். இடது கால் கொஞ்சம் வளைந்திருந்தது. ஓடினால் வாத்து ஓடுவது போல இருக்கும். தரை தொடும் பாவாடைக்குள் அது யார் கண்ணிலும் படாது. எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் ஏழு வயது வரை பாவாடைதானே.

அந்தப் பாவாடைக்கு ஒரு கெடு இருந்தது. பிள்ளை பிறந்தபோது கோமகன் ஸ்பெயினோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். பெண்கள் கையில் இருக்கும் வரை பிள்ளை தகப்பன் வீட்டில். கால்சட்டை ஏறிவிட்டால் அன்று முதல் ஆண்கள் கை. மத்ரீத் அரண்மனையில் ராஜாவின் கண்பார்வையில் வளர வேண்டும். பிணைக்கைதி என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம், அதனால் 'ராஜ வளர்ப்பு' என்று எழுதி முத்திரை குத்தினார்கள். வயது இத்தனை என்று எழுதாமல் உடுப்பைச் சொல்லி எழுதியது பெரிய சாமர்த்தியம் என்று கோமகன் சொல்லிக்கொண்டு திரிந்தார். தான் விரும்பும் வரை பாவாடை கட்டியே வைத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

பிள்ளைக்கு நாலரை வயதானபோது, அவருக்கு அந்தக் கணக்கே மறந்துபோனது. பக்கத்து நாடான செர்வாலியின் கோமகனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருந்தது. அந்தப் பெண்ணை அஸ்கானியோவுக்குப் பேசி முடித்தால், சீதனமாக ஆற்றுப் பாலமும் அதை ஒட்டிய பள்ளத்தாக்கும் வரும். பேச்சு நன்றாகத்தான் போனது. திடீரென்று செர்வாலியிலிருந்து ஒரு வார்த்தை வந்தது: மொந்தாரா வாரிசுக்குக் கால் கோணல் என்று கேள்விப்படுகிறோமே.

கோமகன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அரண்மனைக் காரியஸ்தர் லுதோவிகோவையும் ஓவியன் கஸ்பாரேயையும் கூப்பிட்டார். லுதோவிகோ ஒல்லியான மனிதர். கோமகன் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று ஓர்சோலாவையும் நிற்க வைத்தார்கள்.

"கால்தான அவங்களுக்குப் பாக்கணும்? காலக் காட்டிடுவோம்" என்றார் கோமகன். "கால்சட்டை, நீளக் காலுறை, இடுப்புல வாள். ரெண்டு காலும் ரெண்டு தூண் மாதிரி நிக்கணும்."

"தூணே வரையறேன் பிரபு" என்றான் கஸ்பாரே. குடிக்காத வேளையில் அவன் நல்ல ஓவியன். அப்படி ஒரு வேளை வாரத்தில் இரண்டு முறை வரும்.

ஓர்சோலா லுதோவிகோவின் பக்கம் திரும்பினாள். "ஐயா, கால்சட்டை ஏறினா பிள்ளை ஸ்பெயினுக்குப் போகணும்னு நீங்கதான எழுதினீங்க?"

"பிள்ளைக்கா போடறோம்? படத்துக்குத்தான போடறோம்" என்றார் லுதோவிகோ. "உனக்கு எதுக்கு இந்த ராஜாங்க விஷயமெல்லாம். நீ தையி."

"படத்தப் பாக்கறவனுக்கு அது தெரியுமா ஐயா?"

"படம் போறது செர்வாலிக்கு. மத்ரீத்துக்கு இல்ல." கோமகனே பதில் சொன்னார். தையற்காரிக்குப் பதில் சொல்லிவிட்டோமே என்று உடனே அவருக்கு எரிச்சல் வந்தது. அவளை வெளியே போகச் சொன்னார்.

இந்த மனிதர்களை என்னவென்று சொல்வது. இவர்கள் பிழைப்பே படம்தான். பெண் பார்ப்பது படத்தில், நட்பு கொண்டாடுவது படத்தில், சண்டைக்கு முன்னால் முறைப்பதும் படத்தில். எந்த அரண்மனையில் எந்தப் படம் எந்தச் சுவருக்கு மாறியது என்பதை வேவு பார்க்கவே ஆள் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள், தங்கள் படத்தை மட்டும் ஒருவன் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நம்பினார்கள்.

ஓர்சோலா சிவப்பு வெல்வெட்டில் ஒரு சின்னக் கால்சட்டை தைத்தாள். கஸ்பாரே அதை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டி நிறுத்தி வரைந்தான். முகத்துக்கு மட்டும் அஸ்கானியோவை இரண்டு நாள் முக்காலியில் உட்கார வைத்தார்கள். படத்தில் பையனுக்கு ஏழு வயது மதிக்கலாம். கால்கள் இரண்டும் புது மெழுகுவத்தி போல நேராக நின்றன. முடிந்ததும் ஓர்சோலா பிள்ளையைத் தூக்கிப் படத்தைக் காட்டினாள்.

"யார்டா இது?"

அவன் நன்றாகப் பார்த்தான். "தெரியல. அந்த அண்ணன் நம்ம வீட்டுக்கு வருவானா?"

படம் செர்வாலிக்குப் போனது. பேச்சு முடிந்தது, பாலமும் பள்ளத்தாக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டன. செர்வாலிக்காரன் படத்தைக் கண்டு பெருமைப்பட்டானோ, இல்லை வேறு எண்ணம் வைத்திருந்தானோ, அதைப் பார்த்து ஒரு பிரதி வரையச் சொல்லி மிலானில் இருந்த ஸ்பெயின் ஆளுநருக்கு அனுப்பினான். அங்கிருந்து அது மத்ரீத் போனது. அடுத்த வசந்தத்தில் தோன் இன்யிகோ என்ற தூதர் நாற்பது குதிரைகளோடு வந்து இறங்கினார். கூடவே இரண்டு கோவேறு கழுதைகள் தூக்கும் பல்லக்கு. அந்தப் பல்லக்கு சின்னதாக இருந்தது. முற்றத்தில் அதைப் பார்த்த உடனே ஓர்சோலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சபையில் தோன் இன்யிகோ வாழ்த்து வாசித்தார். வாரிசு பாவாடைப் பருவம் கடந்ததில் ராஜாவுக்கு மகிழ்ச்சி, ஒப்பந்தப்படி அழைத்துப்போக வந்திருக்கிறேன், என்று முடித்தார். கோமகனின் முகத்தில் ஈயாடவில்லை. லுதோவிகோ தரையைப் பார்த்தார். சபையில் இருந்த முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அங்கே என்னமோ விழுந்து கிடப்பது போல.

அந்த நேரத்தில்தான் ஓர்சோலா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளை பச்சைப் பாவாடையும் ஏப்ரனும் போட்டிருந்தான், கழுத்தில் திருஷ்டிக்குப் பவளத் துண்டு. வாயில் பாதிப் பணியாரம். அத்தனை பேரைக் கண்டு பயந்ததில் பாவாடை நனைந்து, தரையிலும் சின்னக் குளம் கட்டியது.

"இவந்தாங்க அந்த வாரிசு" என்றாள் ஓர்சோலா. "அஞ்சு வயசு ஆகி ரெண்டு வாரம். கால்சட்டைன்னா என்னன்னு தெரியாது. போட்டது ஒரு மரப்பொம்மைக்கு. வேணும்னா பொம்மை மாடியில இருக்கு, அத எடுத்துட்டுப் போங்க."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தோன் இன்யிகோ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அப்படி ஒரு நாசூக்கான மனிதர். கழுத்தை அறுத்தாலும் காலர் கசங்காமல் அறுப்பார்.

"பிரபு, எனக்குக் குழந்தைகள்னா ரொம்பப் பிரியம்" என்றார். "இந்த அம்மா சொல்றது நிஜம்னா நான் இப்பவே திரும்பிப் போயிடறேன். ராஜாவுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். படம் பொய்யின்னு. செர்வாலிக்கும் ஒரு பிரதி அனுப்பிடலாம், அவங்களுக்கும் தெரியணுமில்லையா."

இதுதான் இடம். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் பிள்ளை இன்னும் இரண்டு வருஷம் வீட்டில் இருந்திருப்பான். பாலம் போயிருக்கும், பள்ளத்தாக்கு போயிருக்கும், செர்வாலியில் நாலு நாள் சிரித்திருப்பார்கள். ஓர்சோலா கோமகனையே பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே முறை அந்த மனிதர்மேல் அவள் நம்பிக்கை வைத்தது அப்போதுதான்.

கோமகன் தொண்டையைச் செருமினார். "படம் பொய்யில்ல. என் பையன் கால்சட்டை போட்டு வருஷம் ஆச்சு. இந்தப் பொம்பளதான் பழக்கதோஷத்துல இன்னிக்குப் பாவாடையக் கட்டிவிட்டிருக்கா."

"அப்படித்தான் நினைச்சேன்" என்றார் தோன் இன்யிகோ.

பிள்ளை தகப்பனைப் பார்த்து, "எனக்கு அது கிடையாதே" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்று நாள் அவகாசம் கிடைத்தது. ஓர்சோலா ஆறு கால்சட்டை தைத்தாள். அந்தக் கால்சட்டைகளை மேல்சட்டையோடு சேர்த்துச் சுற்றிலும் நாடாவால் கட்ட வேண்டும், பத்துப் பன்னிரண்டு முடிச்சு வரும். பெரியவர்களுக்கே ஆள் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூத்திரம் வந்தால் என்ன செய்வான், யாரைக் கூப்பிடுவான், எந்த மொழியில் கூப்பிடுவான். கால்சட்டை ஏறிய பிள்ளையோடு பெண் ஆள் போகக் கூடாது என்பது ஸ்பெயின் சபையின் ஒழுங்கு. அவள் கேட்டுப் பார்த்தாள். பாத்திரம் கழுவவாவது வருகிறேன் என்றாள். லுதோவிகோ சிரித்தார்.

அதனால் முன்பக்க நாடாக்களை மட்டும் உருவு முடிச்சாகப் போட்டு, இழுத்தால் அவிழும்படி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"நுனியப் பிடி. இது இல்ல, தொங்குது பாரு, அது. இழு."

அவன் வேறு நுனியை இழுத்தான். முடிச்சு இறுகியது.

"என்னடா தொல்லை. மறுபடி."

மூன்று நாளும் இதேதான். இருபது தடவையில் நாலு தடவை சரியாக வந்தது. கடைசி நாள் அவன் கேட்டான்: "ஓர்சா, அங்க நீ எப்ப வருவ?"

"கால்சட்டை போட்டவனுக்கு நான் எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய், கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து முகத்தில் ஊற்றிக்கொண்டாள்.

பல்லக்கு கிளம்பும்போது கோமகன் மாடத்தில் நின்று கையசைத்தார். அதற்கென்று புதிதாக வெள்ளைக் கையுறை தைக்கச் சொல்லியிருந்தார். ஓர்சோலா தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வெளியே கொடுத்துத் தைத்தார்கள். சபையில் வாய் திறந்ததற்கும் சேர்த்து அவளைத் துணிகள் வெளுக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். அஸ்கானியோவுக்கு வருஷா வருஷம் உடுப்பு அனுப்பும் வேலை மட்டும் அவளிடமே இருந்தது. அந்தப் பிள்ளையின் தோளும் முதுகும் வேறு யார் கைக்கும் பழக்கமில்லை.

முதல் வருஷம் மத்ரீத்திலிருந்து ஒரு படம் வந்தது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, கழுத்து முதல் இடுப்பு வரை பதினாலு வெள்ளிப் பொத்தான்கள். முகம் இளைத்திருந்தது. கூடவே அளவுக் காகிதம் இருந்தது: நீளக் காகிதப் பட்டையில் தோளுக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு. அதை ஓர்சோலா தன் கையோடு வைத்து அளந்து பார்த்தாள். இரண்டு விரல் வளர்ந்திருந்தான். அதை வைத்து நாலு சட்டை தைத்து அனுப்பினாள்.

இரண்டாம் வருஷம் படம் வந்தது, அளவுக் காகிதம் வரவில்லை. "ராஜ வீட்டுல அப்படியெல்லாம் அனுப்ப மாட்டாங்க. படத்தப் பாத்துக் குத்துமதிப்பா தையி" என்றார் லுதோவிகோ. மூன்றாம் வருஷமும் படம் மட்டும்தான். அதைப் பெரிய கூடத்தில் மாட்டி, செர்வாலித் தூதரைக் கூட்டி வந்து காட்டினார்கள். "ஆஹா, ஆண்மகனாகிவிட்டார்" என்று அவர் புகழ்ந்தார். கோமகனின் இரண்டாம் மனைவி, ஐந்து மாதக் கர்ப்பிணி, நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

எல்லோரும் போன பிறகு ஓர்சோலா படத்தின் முன் போய் நின்றாள். முகத்தை அவள் பார்க்கவில்லை. முகத்தை ஓவியன் எப்படி வேண்டுமானாலும் எழுதுவான். சட்டையைப் பார்த்தாள். பொத்தான்களை எண்ணினாள். பதினாலு. இரண்டாம் படத்திலும் பதினாலு, முதல் படத்திலும் பதினாலு. கைமடிப்பில் அதே இடத்தில் அதே சுருக்கம். ஆறு வயதில் போட்ட சட்டையை எட்டு வயதில் யார் போடுவார்கள்? ஏழைப் பிள்ளைக்குக்கூட விளிம்பைப் பிரித்து இறக்கிவிடுவார்கள், ஒட்டுத் தெரியும். இங்கே தலை மட்டும் வளர்ந்திருந்தது, உடம்பு அப்படியே இருந்தது.

கஸ்பாரேயிடம் போய்க் கேட்டாள். அவன் அன்றைக்குக் குடித்திருந்தான். "பழைய படத்த வெச்சு எழுதினதுதான்" என்றான். "ஆள் முன்னால உக்காந்தா வெளிச்சம் வேற மாதிரி விழும். நானா இருந்தாலும் இப்படித்தான் செய்வேன். எதுக்குக் கேக்கற?"

லுதோவிகோ தன் அறையில் வேகவைத்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எப்பப் போனான்?" என்று கேட்டாள்.

அவர் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். மறுக்கலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டு வருஷம் ஆகப் போகுது. மார்ச்சுல. அம்மைன்னு எழுதியிருந்தாங்க."

"கூட யாரு இருந்தாங்க?"

"அதெல்லாம் எழுதல."

"எங்க புதைச்சாங்க?"

"ஏம்மா, நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு." குரலைத் தழைத்தார். "பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சா செர்வாலிக்குப் பாலத்தத் திருப்பிக் குடுக்கணும். ஸ்பெயினுக்கும் பிடி விட்டுப்போகும், அதனால அவங்களும் படம் அனுப்பறாங்க, நாங்களும் வாங்கி மாட்டறோம். யாருக்கு என்ன நஷ்டம்? இன்னும் நாலு மாசத்துல பிரபு வீட்டம்மாவுக்குப் பிள்ளை பிறந்துடும். பையனா பிறந்தா அவனுக்கும் அஸ்கானியோன்னே பேரு வைக்கலாம்னு பிரபுவுக்கு யோசனை. படத்த மாத்த வேண்டாம் பாரு."

அவள் அவர் போட்டிருந்த பழுப்புச் சட்டையைப் பார்த்தாள்.

"துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தல" என்றாள். "ஒருத்தர்கூட ஒரு நாள்கூடக் கறுப்பு உடுத்தல. பிரபுவோட வேட்டை நாய் செத்ததுக்குக் கையில கறுப்புத் துணி கட்டினீங்க."

"நாய்க்கு ஒப்பந்தம் இல்லையேம்மா" என்றார் லுதோவிகோ. கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, விளக்கமாகத்தான் சொன்னார். "வாயத் திறந்தேன்னா நாக்கு இருக்காது. இந்த வருஷம் உடுப்பு எப்பவும் போல அனுப்பணும். பச்சைப் பட்டு வந்திருக்கு, எடுத்துக்கோ."

பட்டை எடுத்துக்கொள்ளாமல் வந்தாள். பிள்ளைக்காக ஒரு பூசை இல்லை, ஒரு மணி அடிக்கவில்லை, மாதாகோயிலில் ஒரு மெழுகுவத்தி இல்லை. செத்த பிள்ளையைச் செத்தான் என்று சொல்ல ஒரு மனிதர் இல்லை. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தையும் ஆத்திரமே பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தோர் திருநாளில், ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் எழுந்து, தங்கள் இறந்தவர்களின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் முழுக்க "இளைப்பாறட்டும்" என்று பதில் சொல்லும். காலை முழுவதும் இது போகும். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்திலேயே சொல்வார்கள். அன்று முன்வரிசையில் கோமகன், கர்ப்பிணி மனைவி, பக்கத்தில் செர்வாலித் தூதர். பின்னால் லுதோவிகோ. வண்ணார் வரிசையில், தூணோரம் ஓர்சோலா.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"நன்னி, பாய் தைத்தவன், என் புருஷன்."

"இளைப்பாறட்டும்" என்றது ஊர்.

"அஸ்கானியோ, கோமகன் ஃபெராந்தேயோட மகன். மத்ரீத்துல அம்மை போட்டுச் செத்தான். ஆறு வயசு."

"இளைப்பாறட்டும்" என்றது ஊர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பாதிரியாரும் கூடவே சொல்லியிருந்தார். முன்வரிசையில் கர்ப்பிணியும் சொல்லியிருந்தாள். கோமகனின் உதடுகூட அசைந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். பழக்கம் அப்படி.

செர்வாலித் தூதர் மெதுவாகத் திரும்பிக் கோமகனைப் பார்த்தார். பிறகு கோமகன் போட்டிருந்த மஞ்சள் பட்டைப் பார்த்தார்.

ஓர்சோலாவைக் கொண்டுபோய் ஆப்பிள் அடுக்கும் நிலவறையில் பூட்டினார்கள். நாக்கை அறுப்பதா, நாடு கடத்துவதா என்று மேலே பேச்சு நடந்தது. ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. ஊரே பெயரைச் சொல்லி இளைப்பாறட்டும் என்று வேண்டிவிட்ட பிள்ளையை இனிமேல் படத்தில் வைத்து வளர்க்க முடியாது. கோமகன் ஒரே நாளில் கதையை மாற்றினார். செய்தி அன்றைக்குக் காலையில்தான் ரகசியமாக வந்தது, துக்கத்தைத் தாங்க முடியாமல் விசுவாசமான ஒரு வேலைக்காரி வாய்விட்டுவிட்டாள், என்று செர்வாலித் தூதரிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். தூதர் நம்பினார் என்று யாரும் நினைக்கவில்லை. "அப்படியானால் சபை இன்னும் கறுப்பு உடுத்தவில்லையே" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் நிலவறைக் கதவு திறந்தது. லுதோவிகோ மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்துமூணு துக்க உடுப்பு வேணும். ஆறு நாள்ல. அரண்மனைத் தையற்காரன் முடியாதுங்கறான். உனக்கு மன்னிப்பு உண்டுன்னு பிரபு சொல்லச் சொன்னார்."

ஓர்சோலா தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. குத்துமதிப்பா தைக்க மாட்டேன். எல்லாருக்கும் அளவு எடுக்கணும்."

"பிரபுவுக்குமா?"

"முதல்ல அவருக்கு."

வெளுக்கும் கூடத்தில், ஈரத் துணிகளுக்கு நடுவே கோமகன் உள்சட்டையோடு வந்து நின்றார். அவள் சொன்னபடி கையைத் தூக்கினார், திரும்பச் சொன்னபோது திரும்பினார். தோளுக்கு, கைக்கு, இடுப்புக்கு என்று காகிதப் பட்டையில் ஒவ்வொன்றாக வெட்டிக் குறித்தாள். கறுப்புத் துணியை அவர் மேல் போட்டுக் குண்டூசி குத்தத் தொடங்கினாள். அந்தப் பிள்ளைக்கென்று கறுப்பு வெட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டு வருஷம் பிந்தி, அதுவும் இந்த ஆளின் உடம்புக்கு.

கோமகன் எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"கஸ்பாரே நாளைக்கு வரான்" என்றார். "துக்கத்துல இருக்கற தகப்பன்னு ஒரு படம். மத்ரீத்துக்கு ஒண்ணு, செர்வாலிக்கு ஒண்ணு. இந்தக் கறுப்பு என்னக் குட்டையாக் காட்டாதே?"

ஓர்சோலாவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அடுத்த மடிப்பில் குத்தினாள்.